கதவில்லாத பஸ்ஸுக்கு ஒரு ஜாவா நிரல்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் தனியார் பஸ் ஒன்று, ஒரு திங்கட்கிழமை காலை பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வரும்போது, "கதவுகள் மூடப்படுகின்றன. தயவுசெய்து கதவருகே நிற்க வேண்டாம்" என்று பெண் குரலில் சொன்னது. அந்த பஸ்ஸுக்குக் கதவு கிடையாது. படியில் நின்றிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும், பெண் குரலுக்கு மரியாதை கொடுத்து, ஒரு படி மேலே ஏறி நின்றாராம். இதை எனக்குச் சொன்னவர் அந்த பஸ்ஸின் கண்டக்டர். அவர் என் தாய்மாமன். அந்த பஸ்ஸைப் பேச வைத்தது நான்.

நான் சென்னையில் உள்ள ஒரு சிறிய மென்பொருள் கம்பெனிக்குப் பாளையம்பட்டியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். கொரோனா காலத்தில் எல்லாரையும் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். பிறகு ஆபீஸைச் சின்னதாக்கிவிட்டார்கள். திரும்பிப் போனால் உட்கார எனக்கு நாற்காலி இல்லை. அப்பாவும் அம்மாவும் முன்பு கூலிக்குக் களையெடுத்தவர்கள். அப்பா இப்போது ஒரு நூல் மில்லில் வாட்ச்மேன். என் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் அம்மா, "கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கிறா" என்பாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

எங்கள் கம்பெனி, பஸ்ஸுக்குள் மாட்டுகிற ஒரு சின்னப் பெட்டியைத் தயாரிக்கிறது. அடுத்த நிறுத்தம் என்ன என்பதை அது ஸ்பீக்கரில் சொல்லும். வெளி மாநில நகரங்களில் ஓடும் ஏ.சி. பஸ்களில்தான் அது இருந்தது. அருப்புக்கோட்டையில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஒருவருக்குச் சில பஸ்களும் உண்டு. அவர் பெங்களூரில் இருக்கும் மகளைப் பார்க்கப் போன இடத்தில் அப்படி ஒரு பஸ்ஸில் ஏறியிருக்கிறார். 'தாங்கள் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது' என்கிற மாதிரி அது பேசியிருக்கிறது. அவர் ஆயுளில் அவரை மரியாதையாக இறங்கச் சொன்ன முதல் பஸ் அதுதான். ஊருக்கு வந்ததும் தன் பஸ்ஸும் பேச வேண்டும் என்று எங்கள் கம்பெனிக்குப் போன் போட்டார். ஊர்க்காரி என்பதால் அந்த வேலை என்னிடம் வந்தது.

ஜாவாவில் நிரல் எழுதுகிறவர்கள் எதையும் வெறும் தரையிலிருந்து தொடங்குவதில்லை. யாரோ முன்பே எழுதி வைத்ததை எடுத்து, அதற்குக் கீழே தன்னுடையதைச் சேர்த்துக்கொள்வார்கள். மேலே இருப்பதற்குப் பேரண்ட் கிளாஸ் என்று பெயர். கீழே சேர்ப்பது சைல்டு கிளாஸ். மேலே உள்ளதற்கு என்னென்ன செய்யத் தெரியுமோ அதெல்லாம் கீழே உள்ளதற்கும் தானாகத் தெரியும். கதவைப் பற்றிச் சொல்வது, அடுத்த நிறுத்தத்தைச் சொல்வது, நன்றி சொல்வது என்று ஒவ்வொன்றும் ஒரு மெத்தட். அதாவது பெயர் வைக்கப்பட்ட ஒரு வேலை. மேலே உள்ள வேலை பிடிக்கவில்லையென்றால், சைல்டு கிளாஸில் அதே பெயரில், அதே மாதிரி விவரங்களை வாங்கிக்கொள்கிற ஒரு மெத்தடை எழுதிவிடலாம். அதற்குப் பிறகு பழையது ஓடாது, புதியதுதான் ஓடும். இதை ஓவர்ரைடு செய்வது என்கிறோம்.

எங்கள் பேரண்ட் கிளாஸ் முழுக்க நகரத்து ஏ.சி. பஸ்ஸை மனதில் வைத்து எழுதப்பட்டது. திருச்சுழி ரூட்டுக்காக நான் எழுதிய சைல்டு கிளாஸுக்கு 'டவுன்பஸ்' என்று பெயர் வைத்தேன். எங்கள் டீம் லீடர் சென்னைக்காரர், தேவையில்லாத எதையும் சகிக்காதவர். "முதல்ல அப்படியே ஓட விடுங்க. எது ஒத்து வரலன்னு பார்த்துட்டு அப்புறமா மாத்திக்கலாம்" என்றார். ஆகவே முதல் நாள் என் கிளாஸுக்குள் ஒரு வரிகூட இல்லை. ஏ.சி. பஸ்ஸுக்குத் தெரிந்த எல்லாமும் திருச்சுழி பஸ்ஸுக்கும் தெரிந்திருந்தது.

அன்று மத்தியானம் மாமா போன் செய்தார்.

"ஏத்தா, ஒங் கம்பெனிக்காரி கதவ மூடுறேங்கா. கதவு எங்கத்தா இருக்கு?"

"மாத்திர்றேன் மாமா. வேற என்ன சொல்லுச்சு?"

"செல்லப்பிராணிக்கு அனுமதி இல்லையாம். ஒருத்தரு ஆட்டுக்குட்டியோட ஏறிட்டாரு. அவரு பாட்டுக்கு நிக்காரு. இவ திருப்பித் திருப்பிச் சொல்றா. நாலு பேரு அவரப் பாக்காக. அவருக்குக் கோவம் வந்துருச்சு."

"என்ன சொன்னாரு?"

"இது செல்லப்பிராணி இல்ல, கறிக்குப் போகுதுன்னாரு. அதுக்கப்புறம் நா என்ன பேச?"

அன்று சாயங்காலமே கதவு மெத்தடை ஓவர்ரைடு செய்தேன். உள்ளே ஒன்றும் எழுதவில்லை. திறக்கும் அடைப்புக்குறி, மூடும் அடைப்புக்குறி, நடுவே வெற்றிடம். கதவைப் பற்றி ஒன்றும் சொல்லாதே என்று அதற்குப் பொருள். செல்லப்பிராணிக்கும் அப்படியே. மறுநாள் மாமா, "இப்பத் தேவல" என்றார். என் வேலைக்கு இதுவரை கிடைத்த பாராட்டுகளில் அதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஒன்றும் செய்யாத நிரலுக்குக் கிடைத்தது அது.

கடைசி ஸ்டாப்பில் வருகிற நன்றி அறிவிப்பை மட்டும் மாற்ற முடியவில்லை. அதில் கம்பெனியின் பெயர் வரும் என்பதால் அதற்கு மேலே 'ஃபைனல்' என்று எழுதி வைத்திருந்தார்கள். அப்படி எழுதிவிட்டால் கீழே இருக்கிற எவரும் அதை ஓவர்ரைடு செய்ய முடியாது. திருச்சுழியில் இறங்கும் கூட்டம் பையையும் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு படியில் நெருக்கியடிக்கும்போது, "தங்கள் பயணம் இனிமையாக அமைந்திருக்கும் என்று நம்புகிறோம்" என்று அந்தப் பெண் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

பெரிய சிக்கல் நிறுத்தங்களில் இருந்தது. பேரண்ட் கிளாஸ் நிறுத்தங்களை எண்ணித்தான் சொல்லும். பஸ் நின்று கிளம்பினால் ஒன்று கூட்டிக்கொள்ளும். நகரத்தில் அது சரி. அங்கே பஸ் நிற்க வேண்டிய இடத்தில் மட்டும் நிற்கும், நிற்க வேண்டிய எல்லா இடத்திலும் நிற்கும். எங்கள் பஸ் கை காட்டினால் நிற்கும். ஆள் இல்லாத ஸ்டாப்பில் நிற்காது. டிரைவருக்குத் தெரிந்தவர் காட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தால் அவர் வந்து சேரும்வரை நிற்கும். இதை எண்ணிக் கரை சேர முடியாது. எனவே அந்த மெத்தடை ஓவர்ரைடு செய்து, பஸ் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் வழியாகப் பார்த்து நிறுத்தத்தைச் சொல்லும்படி எழுதினேன். மாமாவோடு ஒரு நடை போய்வந்து ஒவ்வொரு விலக்கையும் குறித்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பாதை பிரிகிற இடத்துக்கு விலக்கு என்று பெயர். ஊர் உள்ளே எங்கேயோ இருக்கும். பஸ்ஸுக்குத் தெரிந்தது விலக்கு மட்டும்தான்.

பெட்டி ஒழுங்காகப் பேசத் தொடங்கிய சில நாட்களில் எனக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் அந்த ரூட்டில் ஒரு விலக்கருகே இருக்கும் உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர். பிறவியிலேயே கண் தெரியாதவர். அருப்புக்கோட்டையில் வீடு. தினமும் காலையில் மாமாவின் பஸ்ஸில்தான் பள்ளிக்குப் போவார். மாமாவிடம் என் நம்பரை வாங்கியிருக்கிறார்.

"நல்லா இருக்கும்மா" என்றார். "ஒரே ஒரு விஷயம். ஸ்டாப் வந்தப்புறம் சொல்லுது. கொஞ்சம் முன்னாடியே சொன்னா நான் எந்திரிச்சு, பைய எடுத்துக்கிட்டு, படி பக்கம் வந்துருவேன்."

"மாத்திர்றேன் சார்."

"இத்தன வருஷமா கண்டக்டர் வந்து சார், எந்திரிங்கன்னு சொல்லுவாரு. நல்ல மனுஷன். ஆனா தினம் ஒருத்தர் சொல்லித்தான் எந்திரிக்கணும்ங்கறது... சரி, விடுங்க. இப்ப எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு சொல்லுது. நானும் எல்லாரையும் மாதிரி எந்திரிக்கிறேன்."

அவர் கேட்டபடி மாற்றினேன். அதன்பின் விலக்குக்குச் சற்று முன்பே, "அடுத்த நிறுத்தம், பள்ளிக்கூட விலக்கு" என்று குரல் வரும். சார் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்படிக்கு வந்து நிற்பார். மாமா அவரைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார். சாரை மட்டுமல்ல, யாரையும் கூப்பிடுவதில்லை. அம்மா ஒருநாள் அவரிடம், "என்னடா, பஸ்ஸுல ஒஞ் சத்தத்தையே காணோமாம்?" என்று கேட்டாள்.

"அதான் மிஷினு சொல்லுதுல்லக்கா."

"நீயும் சொன்னா என்ன?"

"ஒரு பஸ்ஸுக்கு ரெண்டு கண்டக்டரு எதுக்கு?"

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டில் மட்டும் பாதிக்கு மேல் மீதி வைத்து எழுந்துவிட்டார். அன்று மீன் குழம்பு.

சில மாதம் இப்படியே ஓடியது. இதற்கிடையே சென்னையில் எங்கள் டீம் லீடர் நிரலைச் சுத்தம் செய்தார்.

ஓவர்ரைடு செய்யும் மெத்தடுக்கு மேலே, 'இது ஓவர்ரைடு' என்று ஒரு குறி போடுவது வழக்கம். போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. போட்டாலும் போடாவிட்டாலும் நிரல் ஒரே மாதிரிதான் ஓடும். அந்தக் குறி கம்பைலர் என்ற சரிபார்ப்பவருக்காக. குறி இருந்தால் கம்பைலர் மேலே போய், அப்படி ஒரு மெத்தட் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரும். இல்லாவிட்டால் சண்டைக்கு வரும். டீம் லீடர் அந்தக் குறிகளை எல்லாக் கிளாஸிலிருந்தும் எடுத்துவிட்டார். "எடுத்தாலும் அப்படியே ஓடுதில்ல? அப்புறம் எதுக்கு?" என்று கேட்டார். அவர் சொன்னது உண்மை. அப்படியே ஓடியது.

பிறகு ஒருநாள் அவர் பேரண்ட் கிளாஸில் நிறுத்தம் சொல்லும் மெத்தடைச் சற்று மாற்றினார். முன்பு அது ஒரு விவரத்தை வாங்கிக்கொண்டிருந்தது. எந்த மொழியில் சொல்ல வேண்டும் என்று இன்னொரு விவரத்தையும் வாங்கிக்கொள்ளும்படி செய்தார். கன்னட நாட்டு பஸ்களுக்கு அது தேவைப்பட்டது. என் கிளாஸில் இருந்த மெத்தட் பழையபடி ஒன்றை மட்டுமே வாங்கிக்கொண்டிருந்தது. பெயர் ஒன்றுதான். ஆனால் வாங்கிக்கொள்வது வேறு. அப்படியானால் ஜாவாவின் கணக்கில் அது வேறொரு மெத்தட். அது எதையும் ஓவர்ரைடு செய்யவில்லை. குறி இருந்திருந்தால் கம்பைலர் கத்தியிருக்கும். குறி இல்லாததால், இவள் ஏதோ புதிதாக எழுதியிருக்கிறாள் என்று நினைத்துப் பேசாமல் விட்டுவிட்டது. நான் எழுதிய மெத்தட் யாரும் கூப்பிடாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தது. மேலே இருந்த பழைய எண்ணும் முறை, இடையில் ஒன்றுமே நடக்காதது போல, திருச்சுழி பஸ்ஸில் மறுபடியும் எண்ணத் தொடங்கியது.

இந்தப் புது நிரல் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்த காலை நல்ல முகூர்த்த நாள். பஸ்ஸில் பாதிக் கூட்டம் ஒரு கல்யாணத்துக்குப் போகிற கூட்டம். மடியில் சீர்த்தட்டு வைத்திருந்த பெண்கள். அவர்களில் பலர் காரியாபட்டிப் பக்கத்து ஆட்கள், இந்த ரூட்டுக்குப் புதியவர்கள். எந்த விலக்கு எங்கே என்று அவர்களுக்குத் தெரியாது. மாமா முன்பக்கம் நெரிசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். அன்று வழியெல்லாம் கை காட்டினார்கள். பஸ் ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் பெட்டி ஒன்று கூட்டிக்கொண்டது. பாதி தூரம்கூடப் போவதற்கு முன்னால், "அடுத்த நிறுத்தம், பள்ளிக்கூட விலக்கு" என்றது. சார் எழுந்தார். பஸ் நின்றது. ஒரு குடும்பம் முன்படியில் ஏறியது. சார் பின்படியில் இறங்கினார். பஸ் போய்விட்டது.

எனக்குப் போன் வந்தபோது நான் இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"எம்மா, நான் சமூக அறிவியல் சார் பேசறேன். ஒரு சந்தேகம். பள்ளிக்கூட விலக்க எங்கயும் மாத்தி வச்சிட்டாங்களா?"

"இல்லையே சார்."

"அப்ப நான் வேற எங்கயோ எறங்கிட்டேன்."

"எங்க இருக்கீங்க சார்?"

"அது தெரிஞ்சா உங்களுக்கு ஏம்மா போன் பண்றேன்?"

"பக்கத்துல என்ன சத்தம் கேக்குது?"

"காத்து. கருவேல மரம் இருக்கு, ஒதுங்கலாம்னு போனேன், சட்டையப் புடிச்சிருச்சு. டீக்கடை இல்ல. டீக்கடை இல்லாதப்பவே சந்தேகம் வந்துச்சு. ஆனா அதுக்குள்ள பஸ் போயிருச்சு."

அவர் குரலில் பதற்றம் இல்லை.  இருக்கும் இடத்தை வாட்ஸாப்பில் அனுப்பச் சொன்னேன். அவர் போன் எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்துக் காட்டும். என் அப்பாவைவிட அவருக்கு அதில் பழக்கம் அதிகம். உடனே அனுப்பிவிட்டார். அவர் நின்றது இரண்டு விலக்குகளுக்கு நடுவே, வீடோ கடையோ இல்லாத இடம். லாரிகள் வேகமெடுத்து வருகிற நேர் ரோடு.

"ரோட்ட விட்டு நல்லாத் தள்ளி நில்லுங்க சார். நா வாரேன்."

"முள்ளுக்கும் ரோட்டுக்கும் நடுவுல எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளித்தாம்மா நிக்கேன்."

இட்லியை அப்படியே வைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். அம்மா வாசலில் நின்று, "கம்ப்யூட்டர் வேலைக்கு வண்டியில எங்க போற?" என்று கேட்டாள்.  வழியெல்லாம் எந்த லாரியைப் பார்த்தாலும் ஹாரன் அடிக்கிறதா என்று கவனித்தேன். ஹாரன் அடிக்காத லாரியைக் கண்டு நான் பயந்தது அன்று ஒருநாள்தான்.

மாமாவின் பஸ்ஸில் நடந்ததைப் பிறகு டிரைவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். உண்மையான பள்ளிக்கூட விலக்கு வந்தபோது பெட்டி, "அடுத்த நிறுத்தம், திருச்சுழி" என்று சொல்லிக்கொண்டிருந்தது. மாமா ஒருமுறை வெளியே பார்த்தார். டீக்கடை இருந்தது, பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள். விசில் கொடுத்தார். பல நாள் கழித்து, "சார், எந்திரிங்க" என்று கூப்பிட்டார். சார் உட்காரும் இடத்தில் ஒரு சீர்த்தட்டு இருந்தது.

"இங்க இருந்த சார் எங்க?"

"அவுக அப்பவே எறங்கிட்டாகளே" என்றார் தட்டுக்குச் சொந்தக்காரர்.

"எங்க?"

"பஸ்ஸுல சொன்னாகள்ல, பள்ளிக்கூடம்னு. அங்க."

மாமா டிரைவரிடம் போய், "வண்டியத் திருப்பு" என்றார். டிரைவர் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. "திருப்புறியா, நா எறங்கி நடக்கவா?" என்று கேட்டார். முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளைக்குச் சித்தப்பா முறையாகும் ஒருவர் எழுந்து, தாலி கட்டுகிற நேரத்தில் பஸ்ஸைத் திருப்பினால் நடக்கிறதே வேறு என்றார். மாமா அவரிடம், "அண்ணாச்சி, கண்ணு தெரியாத மனுஷன காட்டுல எறக்கி விட்டுட்டு வந்துருக்கேன். நீங்க போயி தாலி கட்டுங்க, வேணாங்கல. பஸ்ஸு வராது" என்றார். கல்யாணக் கூட்டத்தில் ஒரு பெண், "மொதல்ல திருப்புங்கய்யா, அவுகளப் பாத்துட்டுப் போவோம்" என்றார். சித்தப்பா உட்கார்ந்துவிட்டார்.

பள்ளி கேட்டுக்கு எதிரே முன்னே பின்னே எடுத்து பஸ்ஸைத் திருப்பியிருக்கிறார்கள். திருப்பி வரும் வழியில் எல்லா ஜன்னலிலும் தலை. ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள், ஆளுக்கொரு பக்கத்து முள்காட்டைப் பார்த்தபடி வந்தார்கள். ஏதாவது வெள்ளைச் சட்டை தெரிந்தால், "அந்தா, அந்தா" என்பார்கள். பஸ் நிற்கும். அது வேறு யாராவதாக இருக்கும். பஸ் கிளம்பும்போது பெட்டி ஒன்று கூட்டிக்கொள்ளும். திருச்சுழிக்கு எதிர்த்திசையில் ஓடிக்கொண்டே அது திருச்சுழி வந்துவிட்டது என்று அறிவித்தது. எல்லா நிறுத்தமும் தீர்ந்துபோனதால், தங்கள் பயணம் இனிமையாக அமைந்திருக்கும் என்றும் நம்பியது.

நான் போய்ச் சேர்ந்தபோது சார் கருவேல மரத்து நிழலில், டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மடக்குக் கோலைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். சட்டையில் ஒரு கிழிசல் இருந்தது. நான் ஸ்டாண்டு போடுவதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து பஸ்ஸும் வந்து நின்றது. மாமா அது நிற்பதற்கு முன்பே குதித்துவிட்டார்.

"சார், ஏன் சார் இங்க எறங்குனீங்க?"

"சொல்லுச்சு, எறங்கிட்டேன்."

"அது சொன்னா எறங்கிர்றதா? நா சொன்னனா?"

"நீங்கதான் இப்பல்லாம் ஒண்ணும் சொல்றதில்லையே."

மாமா என் பக்கம் திரும்பினார்.  பஸ் முழுக்க ஜன்னலில் இருந்தது.

"ஏத்தா, லாரி அடிச்சிருந்தா? ஒங் கம்பெனிக்காரி வந்து பதில் சொல்லுவாளா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சார் மாமாவின் குரல் வந்த பக்கம் திரும்பி, "அந்தப் புள்ளைய ஏன் வையிறீங்க? அதுவும்தான் வந்து நிக்குது. எனக்கு ரெண்டாவது பீரியடு இருக்கு, ஏத்துங்க" என்றார். மாமா அவர் கையைப் பிடித்தார். வழக்கமாகச் சார் அதை விரும்பமாட்டார். அன்று பேசாமல் பிடிக்க விட்டார். கல்யாணப் பெண்கள் இடம் ஒதுக்கி அவரை உட்காரவைத்து, சீர்த்தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்துக் கொடுத்தார்கள். டிரைவர் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு பஸ்ஸை மறுபடி திருப்பினார். சார் இரண்டாவது பீரியடுக்குப் போய்விட்டார். கல்யாணக் கூட்டம் தாலியைத் தவறவிட்டது. முதல் பந்தியைத் தவறவிடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்து, நிறுத்தம் சொல்லும் மெத்தடுக்கு மேலே அந்த ஓவர்ரைடு குறியைத் திரும்பப் போட்டேன். உடனே கம்பைலர் அடியில் சிவப்புக் கோடு இழுத்தது. இந்த மெத்தட் மேலே உள்ள எதையும் ஓவர்ரைடு செய்யவில்லை என்பது அது சொன்னதன் பொருள். டீம் லீடரைக் கூப்பிட்டேன்.

"ஓடுதேங்க" என்றார் அவர். "எர்ரர் எதுவும் வரலையே."

"ஓடுது சார். அதுதான் பிரச்சனை. நின்னுருந்தா எல்லாரும் கவனிச்சிருப்போம்."

நடந்ததைச் சொன்னேன்.  டீம் லீடர், "அவருக்கு ஒண்ணும் ஆகலல்ல?" என்று கேட்டார். "ஆகல" என்றேன். "நான் பேசலாமா அவர்கிட்ட?" என்றார். நம்பரைக் கொடுத்தேன். என்ன பேசினார்கள் என்று தெரியாது. அன்று சாயங்காலத்துக்குள் எல்லாக் கிளாஸிலும் குறிகள் திரும்ப வந்துவிட்டன. வேறு சில ஊர் பஸ்களிலும் சிவப்புக் கோடுகள் வந்ததாக அவரே சொன்னார்.

மறுநாள் இரும்புக்கடையில் கூட்டம். முதலாளி, மாமா, சார், நான். மாமா பெட்டியைக் கழற்றிவிட வேண்டும் என்றார். முதலாளி, பெங்களூரில் பேசுகிறதே என்றார். யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் நான் ஆணி டப்பாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சார் எல்லாரையும் பேசவிட்டுக் கடைசியில் சொன்னார்:

"பெட்டி இருக்கட்டும். கண்டக்டரும் சொல்லட்டும். ரெண்டும் ஒண்ணாச் சொன்னா எறங்குறேன். வேற வேற சொன்னா உக்காந்துருப்பேன்."

"ரெண்டு பேருமா கத்துனா மத்தவுகளுக்குக் காது என்னத்துக்கு ஆகும்?" என்றார் மாமா.

"அப்ப பெட்டிக்குள்ளயும் ஒன் சத்தத்தையே வச்சிருவோம்" என்றார் முதலாளி. அவர் அதை விளையாட்டாகச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை. நான் அதை வேலையாக எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஃபேனை நிறுத்திவிட்டு மாமாவின் குரலைப் பதிந்தோம். மைக்கைப் பார்த்ததும் அவர் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு, "அடுத்த நிறுத்தம், பள்ளிக்கூட விலக்கு" என்று ரேடியோச் செய்தி போல வாசித்தார். யாரோ இறந்துபோனதை அறிவிப்பது போல இருந்தது. "பஸ்ஸுல எப்பிடிச் சொல்லுவீங்களோ அப்பிடிச் சொல்லுங்க மாமா" என்றேன். பஸ் இல்லாமல் வராது என்றார். அடுக்களை வாசற்படியில் ஏறி நின்று, மேல்சட்டத்தைக் கையால் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். வந்துவிட்டது. "ஸ்கூல் வெலக்கு எறங்குறவுகல்லாம் முன்னாடியே எந்திரிச்சு வாங்க. அவசரமில்ல, நின்னப்புறம் எறங்குங்க." அம்மா தன்னையறியாமல் அடுப்படியில் வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

என் கிளாஸில் இப்போது மாமாவின் குரல் ஓடுகிறது. மாமாவும் கூடவே கூப்பிடத் தொடங்கிவிட்டார். சார் இரண்டையும் கேட்டு எழுந்திருக்கிறார். நன்றி அறிவிப்பை மட்டும் இன்னும் அந்தப் பெண்தான் சொல்கிறாள்.

போன மாசியில் குலசாமி கும்பிட நானும் அம்மாவும் மாமாவும் அந்த பஸ்ஸில் போனோம். மாமா லீவு. வேறொரு கண்டக்டர் இருந்தார். அவர் மாமாவிடம் வந்து டிக்கெட் கேட்டார். மாமா வாங்கிக்கொண்டார். வழியெல்லாம் ஸ்பீக்கரில் தன் குரல் வருவதை, அறிமுகமில்லாத ஒருவர் பேசுவதைக் கேட்பது போல, தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு வந்தார். நாங்கள் இறங்கும் இடம் வந்தபோது என்னிடம் குனிந்து, "சளி புடிச்ச மாதிரி இருக்கேத்தா. திருப்பிப் பதிஞ்சிருவமா?" என்றார்.

அடுத்த வாரம் பதிந்தோம். அதிலும் சளி இருந்தது.